படம் பார், கேள்வி கேள்

(நூலக வாரத்தையொட்டித் திருவொற்றியூரில் ஆசிரியர்கள், பெற்றோர், நூலக வாசகர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிறார் இலக்கியம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரு வரைபடத்திலிருந்து தொடங்குகிறேன். கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் எண்ணூர்க் கழிமுகத்தை இந்த அவையில் அறியாதவர் இல்லை. 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி தயாராகி, 1996-இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அந்தக் கழிமுகம் நீர்ப்பரப்பாக இருந்தது. கட்டடம் எழுப்பக் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே இன்னொரு வரைபடம் வெளியே வந்தது. அதில் கழிமுகத்தைக் காணவில்லை. சுமார் 6,500 ஏக்கர் தாளிலிருந்து மறைந்துபோயிருப்பதை மீனவர்களும் சூழலியல் செயல்பாட்டாளர்களும் எடுத்துக்காட்டினார்கள். ஆற்றில் வெள்ளம் ஏறுவதும் வற்றுவதும் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன. சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவர்கள் வழக்கம்போல இறங்கினார்கள். தாளில் மட்டும் தண்ணீர் இல்லை.

வரைபடமும் ஒரு படம்தான். அதை வரைந்தவர் எதைக் காட்டினார், எதை விட்டார், யாருக்காக வரைந்தார் என்று கேட்கத் தெரிந்த சிலர் இருந்தார்கள். அதனால்தான் விடுபட்டது வெளிச்சத்துக்கு வந்தது. நான் இன்று சொல்ல வந்தது இதை ஒட்டிய ஒன்றைத்தான். இப்படிக் கேட்கிற பழக்கத்தை ஏழு வயதிலேயே விதைக்க முடியும். அதற்கு நம் கையில் இருக்கிற மிகச் சிறந்த கருவிகள் கதைப் புத்தகமும் ஓவியமும். துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் நடுவே வளரும் நம் பிள்ளைகளுக்கு இது சோற்றுக்கு அடுத்தபடியான தேவை.

ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ராயபுரத்திலும் காசிமேட்டிலும் எண்ணூரின் குப்பங்களிலும் பல வீடுகளில் பிள்ளைதான் முதல் வாசகர். கைபேசியில் வரும் மின்கட்டணச் செய்தி, மகளிர் குழுக் கடன் தாள், ரேஷன் கடைப் பலகை, கம்பெனி கேட்டில் ஒட்டிய அறிவிப்பு, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான துண்டறிக்கை, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய எச்சரிக்கை எல்லாம் கடைசியில் பிள்ளையிடம்தான் வருகின்றன. “இதுல இன்னா போட்டிருக்கு, படி” என்று ஆயா நீட்டுகிறார். பிள்ளை எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்துவிடுகிறது. படித்த பிறகு, “இதை யார் அனுப்பினார்கள், எதற்காக அனுப்பினார்கள், இதில் சொல்லாமல் விட்டது என்ன?” என்று அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தெரிந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கே அது ஒரு காவல். காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் மீன் வாங்குவதில்லை. எழுத்தையும் படத்தையும் அப்படிப் பார்த்து வாங்கப் பழக்குவதைத்தான் நான் விமர்சன வாசிப்பு என்கிறேன்.

நீதி முடிந்த இடத்தில்

தமிழில் சிறார் இலக்கியத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அழ. வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிப் பெரியதொரு படையையே உருவாக்கினார். 1947-இல் பிறந்த ‘அம்புலிமாமா’ பல தலைமுறைகளுக்குக் கதையையும் சித்திரத்தையும் ஒன்றாக ஊட்டியது. பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் வந்தது. சிவகாசியிலிருந்து வந்த ‘முத்து காமிக்ஸ்’ இதழ்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, கிழியும்வரை கைமாற்றிப் படித்து வாசகரானவர்கள் இந்த அவையில் நிச்சயம் இருப்பீர்கள். இந்தச் செல்வத்தின் மேல் நின்றுதான் பேசுகிறேன்.

இந்த மரபில் ஒரு பழக்கம் மட்டும் நம்மைக் கட்டிப்போட்டிருக்கிறது. கதை முடிந்ததும் ‘நீதி’ என்று ஒரு வரி போட்டுவிடுகிறோம். பிள்ளை கதையின் உள்ளே அலைந்துகொண்டிருக்கும்போதே வாசலைச் சாத்திவிடுகிறோம். வகுப்பிலும் அதே கதைதான். “இக்கதையால் அறியும் நீதி யாது?” என்று கேட்கிறோம். இரண்டு மதிப்பெண். பிள்ளை அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்கிறது, கதையை விட்டுவிடுகிறது.

வடை சுட்ட ஆயாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காக்கையின் தந்திரத்தைப் பேசுகிறோம், நரியின் தந்திரத்தைப் பேசுகிறோம், ஏமாறாதே என்று முடிக்கிறோம். வடை சுட்ட ஆயா இரண்டாவது வரியிலேயே கதையை விட்டுக் காணாமல் போய்விடுகிறார். அந்தப் படத்தைக் காட்டி, “இதில் யாருக்கு இழப்பு?” என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருந்து பாருங்கள். தெருமுனையில் இட்லிக் கடை போடும் அம்மாவின் மகள் கட்டாயம் எழுந்திருப்பாள். “அந்த ஆயாவுக்கு யாரு மிஸ் காசு குடுப்பாங்க?” என்பாள். எண்ணெய் என்ன விலை, உளுந்து என்ன விலை, தண்டல்காரருக்கு அன்றைக்கு என்ன பதில் சொல்வது என்று மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். கதை வகுப்பிலிருந்து கிளம்பி வீட்டுக்குப் போய்விடும். அந்த இடத்தில் அவர்கள் கணக்குப் படிக்கிறார்கள், பொருளாதாரம் படிக்கிறார்கள், தங்கள் தாயின் உழைப்பைப் பார்க்கப் படிக்கிறார்கள்.

கேள்வியில் முடியும் கதை வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். ‘அம்புலிமாமா’வின் விக்கிரமாதித்தன் கதைகளில் வேதாளம் சொல்லும் ஒவ்வொரு கதையும் கேள்வியில்தான் முடியும். தெரிந்திருந்தும் பதில் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்பதுதான் அந்தக் கதைகளின் நிபந்தனை. எவ்வளவு ஆழமான நிபந்தனை அது! அறிந்தவன் வாய் திறக்க வேண்டும், காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று நம் கதை மரபே கேட்கிறது. நாம் ஒரு படி மேலே போனால் போதும். விக்கிரமாதித்தனின் பதிலை மூடி வைத்துவிட்டு, நாற்பது பிள்ளைகளிடமும் பதில் கேட்போம். இருவர் மாறுபட்டால் இருவரையும் காரணம் சொல்ல வைப்போம்.

இரண்டு மலை, ஒரு சூரியன்

ஓவியத்துக்கு வருகிறேன். எண்ணூர் நெட்டுக்குப்பத்துப் பிள்ளையிடம் ஒரு தாளும் வண்ணக் குச்சிகளும் கொடுத்து, பிடித்ததை வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் என்ன வரும்? முக்கோணமாக இரண்டு மலை, நடுவே சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஓட்டு வீடு ஒன்று, பக்கத்தில் தென்னை மரம். அந்தப் பிள்ளை தினமும் சூரியனைக் கடலிலிருந்து எழப் பார்க்கிறது. எண்ணூரில் மலை இல்லை. வாசலில் நின்றால் ஃபைபர் படகும் வலையும், தூரத்தில் புகைபோக்கியும் துறைமுகத்தின் பாரந்தூக்கியும் தெரிகின்றன. அவற்றில் ஒன்றுகூடத் தாளுக்கு வரவில்லை.

இதைப் பிள்ளையின் கற்பனைக் குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். படம் என்றால் இதுதான் என்று நாம் கொடுத்த அச்சு அது. அந்த அச்சு, “உன் ஊர் வரையத் தகுந்ததல்ல” என்று பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்கிறது. சுற்றுச்சூழல் தினப் போட்டிக்கும் ஓர் அச்சு வைத்திருக்கிறோம். இரண்டு கைகள் ஏந்திய பூமி உருண்டை, அதன் கண்ணில் ஒரு துளி நீர். சாம்பல் படிந்த கூரையின் கீழ் தூங்கி எழுந்து வந்த பிள்ளையும் அந்த உருண்டையைத்தான் வரைகிறது. பரிசும் வாங்குகிறது. தன் கூரையை வரைய அதற்குத் தோன்றாமலே போகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தன் முகத்தை வரையும் பிள்ளை, வண்ணப் பெட்டியில் வெளிர் ரோஜாக் குச்சியைத் தேடி எடுக்கும். ‘ஸ்கின் கலர்’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். நம் அழகிய கறுப்பு முகங்களுக்கு அந்தக் குச்சியில் இடமில்லை. இளவரசியும் தேவதையும் வெள்ளையாக, அரக்கனும் திருடனும் கறுப்பாக வரையப்பட்ட நூறு படங்களைப் பார்த்த பிறகு பிள்ளை எடுக்கும் முடிவு அது. ஆகவே படத்தைக் கேள்வி கேட்கக் கற்றுத் தருவது கலை வகுப்பின் ஓர் ஓரத்து வேலை என்று நினைக்காதீர்கள். பிள்ளை தன்னைத் தானே ஏற்றுக்கொள்வதற்கான வழி அது.

மாற்று என்ன என்பதற்கு அருமையான ஒரு புத்தகத்தைச் சொல்கிறேன். சென்னையின் தாரா பதிப்பகம் 2004-இல் வெளியிட்டது. மத்தியப் பிரதேசத்தின் கோண்ட் பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷியாம், ஓர் உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட லண்டனுக்குப் போனார். திரும்பி வந்து, தான் பார்த்த லண்டனைத் தன் மரபின் கோடுகளால் வரைந்தார். விமானம் சிறகு முளைத்த யானையாயிற்று. பிக் பென் கடிகாரம் சேவலோடு ஒன்றாயிற்று. தினம் ஏறிய 30-ஆம் எண் பேருந்து விசுவாசமான நாயாயிற்று. காட்டு மனிதரை நகரம் வேடிக்கை பார்ப்பதுதான் உலக வழக்கம். இங்கே காட்டு மனிதர் நகரத்தைப் பார்க்கிறார், தன் சொந்தக் கண்ணால் பார்க்கிறார்.

இந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நம் பள்ளிகளில் ஒரு மாதம் வேலை செய்யலாம். “துறைமுகத்தின் பாரந்தூக்கி எந்த விலங்கு? அதற்குப் பசிக்குமா? எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகள் எவை? 1970 முதல் 2017 வரை புகை விட்ட பழைய அனல்மின் நிலையம் எந்த மிருகம், இப்போது அது தூங்குகிறதா, செத்துவிட்டதா?” என்று கேளுங்கள். அடையாறையும் தியாகராய நகரையும் நம் பிள்ளைகள் தங்கள் கண்ணால் வரையட்டும். வட சென்னையைப் பற்றி எல்லோரும் படம் எடுத்துவிட்டார்கள். கத்தியும் ரத்தமுமாக நம்மைக் காட்டிவிட்டார்கள். வட சென்னைப் பிள்ளை உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்று இனி உலகம் பார்க்க வேண்டும். மீன் விற்கும் தாயின் மகனாக வளர்ந்த புகைப்படக் கலைஞர் பழனி குமார், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கையில் கொடுத்துக் கற்றுத் தருகிறார். அவருக்கு என் வணக்கம். அந்தப் பாதையில் நாம் ஒவ்வொரு பள்ளியிலும் நடக்கலாம். கேமரா வேண்டாம், பென்சில் போதும்.

படம் முன்னே, எழுத்து பின்னே

“பிள்ளைக்கு வாசிக்கவே வரவில்லை, இதில் விமர்சனம் வேறா?” என்று ஆசிரியர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாற்பது பேர் வகுப்பில் பத்துப் பேர் எழுத்துக்கூட்டித் திணறும்போது உங்களுக்கு ஏற்படும் தவிப்பு எனக்குத் தெரியும். ஆனால் வாசிப்பு முதலில், கேள்வி பிறகு என்ற வரிசையை உலகம் ஏற்கெனவே திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறது.

1963-இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ பிரையரே சுமார் 300 தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் திட்டத்தை நடத்தினார். அவருடைய வாசிப்பு வட்டங்களில் முதலில் வந்தது எழுத்தில்லை, படம். உழவர், கிணறு, வீடு, வேட்டை என்று மக்களின் வாழ்வையே காட்டும் ஓவியங்களை பிரான்சிஸ்கோ பிரென்னாண்ட் என்ற ஓவியர் வரைந்து தந்தார். மக்கள் அந்தப் படங்களைப் பார்த்துப் பேசினார்கள், தங்கள் நிலைமைக்குக் காரணம் தேடினார்கள். பேச்சு சூடேறிய பிறகு எழுத்து வந்தது. மறு ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பிரையரேவைச் சிறையில் தள்ளி நாடுகடத்தியது. ஏழைகளின் கையில் எழுத்து வருவதைவிட, எழுத்தோடு கேள்வியும் சேர்ந்து வருவதுதான் அதிகாரத்துக்கு உறுத்துகிறது.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர், இங்கிலாந்துப் பிள்ளைகளின் படம் போட்ட பாலபாடத்தை ஓரமாக வைத்தார். “உனக்கு என்ன சொல் வேண்டும்?” என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு, அதன் பயத்திலிருந்தும் பாசத்திலிருந்தும் வந்த சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தார். அப்படி வந்த சொல்லைப் பிள்ளை மறப்பதில்லை என்று கண்டார். அந்த அனுபவத்தை எழுதி 1963-இல் புத்தகமாக வெளியிட்டார். நம் முதல் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டால் என்னென்ன சொற்கள் வரும் என்று எண்ணிப் பாருங்கள். ஆயா, அலை, லாரி, பொகை, நைட் ஷிப்டு, இறால், கேட்டு, கரண்டு. இந்த எட்டுச் சொற்களில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் இருக்கின்றன. திருவொற்றியூரும் இருக்கிறது.

நம் நாட்டிலும் வேர் உண்டு. குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1932-இலேயே, கதை சொல்லி வகுப்பை வென்ற ஆசிரியரைப் பற்றி எழுதினார். ‘பகல் கனவு’ என்று தமிழில் கிடைக்கிறது. 1990-களில் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டின் தெருவிளக்குகளின் கீழ் நடத்திய வகுப்புகளில் நாட்டுப்புறக் கதையும் பாட்டும் நாடகமும் எழுத்துக்குத் துணை நின்றன. அந்த இயக்கத்திலிருந்து வந்த ச. மாடசாமி, வகுப்பறையில் மாணவர் வாய் திறப்பது பற்றி ‘எனக்குரிய இடம் எங்கே?’ நூலில் எழுதியதை ஒவ்வோர் ஆசிரியரும் படிக்க வேண்டும். கேள்வியும் பேச்சும் வாசிப்பின் வேகத்தைக் குறைப்பதில்லை. பிள்ளைக்கு வாசிக்க ஒரு காரணத்தைத் தருகின்றன.

எந்தப் புத்தகம், எந்தக் கேள்வி

மகாசுவேதா தேவி எழுதி, சென்னையின் துளிகா பதிப்பகம் 2003-இல் வெளியிட்ட ஒரு சிறு கதையில் மோய்னா என்றொரு சபர் பழங்குடிச் சிறுமி வருகிறாள். தண்ணீருக்கு ஏன் இவ்வளவு தூரம் நடக்க வேண்டும், முதலாளி வீட்டு ஆட்டை நான் ஏன் மேய்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். காலையில் ஆடு மேய்ப்பதால் பள்ளி நேரத்தையே மாற்றச் சொல்லுவாள். பிறகு அவளே ஆசிரியையாவாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற எந்தப் பிள்ளைக்கும் மோய்னாவை விளக்க வேண்டியதில்லை.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ கேள்வி கேட்டு அடி வாங்கும் மாணவியின் கதை. அடி வலிக்காமல் இருக்க வழி தேடித் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்து அவள் இறந்துபோகிறாள். அதைப் பிள்ளைகளுக்கு முன்னால் ஆசிரியர்கள் நாம் படிக்க வேண்டும். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பெரியவரின் தவறான தொடுகையைப் பிள்ளை எப்படி வெளியே சொல்வது என்பதைப் பேசுகிறது. பெரியவர் சொன்னால் எல்லாம் சரி என்று வளர்த்த பிள்ளையால் அந்த இடத்தில் வாய் திறக்க முடியாது. கேள்வி கேட்டுப் பழகிய வாய்தான் ஆபத்தில் கூச்சல் போடும். இதைப் பெற்றோர்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘துளிர்’ அறிவியல் இதழ், குக்கூ குழந்தைகள் வெளியின் ‘தும்பி’, பள்ளிக் கல்வித் துறை தரும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ எல்லாம் இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமில்லாமல் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். புத்தகம் இல்லை என்பது இனி முழுக் காரணமாகாது. புத்தகம் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்பதுதான் பல இடங்களில் நிலைமை.

என்ன கேட்பது? பிரிட்டனின் ஆசிரியரும் எழுத்தாளருமான எய்டன் சேம்பர்ஸ் 1993-இல் தொகுத்துத் தந்த நான்கு கேள்விகள் எனக்கு மிகவும் பயன்பட்டவை. இந்தக் கதையில் எது பிடித்தது? எது பிடிக்கவில்லை? எது புரியாமல் குழப்பியது? எது எதனோடு ஒத்துப்போவதைக் கவனித்தாய்? பிடிக்கவில்லை என்று சொல்ல பிள்ளைக்கு உரிமை தருவது இதில் பெரிய விஷயம். அச்சில் வந்ததையும் பிடிக்கவில்லை எனலாம் என்று அது முதல் முறையாக அறிகிறது. நம் ஊருக்காக நான் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன். “இதில் யார் இல்லை?”

இந்த ஐந்தாவது கேள்வியை வரலாற்றுப் பாடத்தில் போட்டுப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. விழாவுக்கு வந்த கவர்னரைப் பற்றிப் பாடம் சொல்கிறது. தண்டவாளத்துக்கு மண் சுமந்தவர்கள் யார்? கல் உடைத்த பெண்கள் என்ன கூலி வாங்கினார்கள்? அவர்களைப் பிள்ளைகள் அந்தப் படத்தில் வரைந்து சேர்க்கட்டும். திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் காலத்திலேயே இலக்கணம் கற்பிக்க மண்டபம் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பெருமைப்பட வேண்டிய செய்தி. கூடவே, அந்த மண்டபத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் யார், வெளியே நின்றவர்கள் யார் என்றும் பிள்ளை கேட்கட்டும். ஊரின் பெருமையை அது குறைக்காது. இன்று இந்த அவையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதன் அருமையை அது காட்டும்.

பிறகு பிள்ளைகள் தங்கள் தெருவின் வரைபடத்தைத் தாங்களே வரையட்டும். குழாயடி, வலை காயும் இடம், விளக்கில்லாத சந்து, நாய் துரத்தும் மூலை, மழையில் தண்ணீர் நிற்கும் இடம், பெண் பிள்ளைகள் விளையாட முடியாத மைதானம் எல்லாம் அதில் வரட்டும். அதை மாநகராட்சி வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டிலும் எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று பேசட்டும். அப்படி வளர்ந்த பிள்ளை ஒரு நாள் வார்டு உறுப்பினராகலாம், பொறியாளராகலாம், ஆலையின் மேலாளராகவும் ஆகலாம். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒரு கழிமுகத்தைத் தாளிலிருந்து அழிக்க அதன் கை நடுங்க வேண்டும்.

இரண்டு அச்சங்கள்

இப்படிப் பழக்கினால் பிள்ளை பெரியவர்களை மதிக்காது என்று சிலர் அஞ்சுகிறீர்கள். காரணம் கேட்பதும் மரியாதை இல்லாமல் பேசுவதும் வேறு வேறு. காரணம் சொல்லப்பட்ட பிள்ளை, அடுத்தவர் சொல்லும் காரணத்தையும் கேட்டுக்கொள்கிறது. பதிலுக்கு அடி வாங்கிய பிள்ளைதான் தன்னைவிடச் சின்னவனை அடிக்கிறது. பிள்ளை கேட்கும் கேள்வி முதலில் நம் வீட்டுக்குள் வரும். “தம்பிக்கு மட்டும் ஏன் முட்டை?” என்று மகள் கேட்பாள். “அந்தத் தெருப் பசங்களோட ஏன் சேரக் கூடாது?” என்று மகன் கேட்பான். அதைத் தாங்கும் மனம் நமக்கு வேண்டும்.

இன்னோர் அச்சம் என்னுடையது. நம் கோபத்தைப் பிள்ளையின் வாயில் வைத்துவிடக் கூடாது. இந்தக் கரையின் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோது பெரியவர்கள் வாளியால் அள்ளியதைப் பார்த்தார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகையும் வலையையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூக்கத்திலிருந்த குடும்பங்கள் தெருவில் ஓடின. இவற்றைப் பார்த்த பிள்ளையிடம் போய் முழக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதும், ‘நீதி’யை மனப்பாடம் செய்யச் சொல்வதும் ஒன்றுதான். பிள்ளை தானே பார்க்கட்டும், தானே கேட்கட்டும். ஆலையில் வேலை பார்க்கும் அப்பாவின் பிள்ளையும், ஆலையால் மீன் இழந்த அப்பாவின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருடைய கதைக்கும் அந்த வகுப்பில் இடம் இருக்க வேண்டும். ஆசிரியர் நடுவில் நின்று ஒருவர் பேசும்போது மற்றவரைக் கேட்க வைப்பதே பெரிய கல்வி.

சிரிப்பையும் விட்டுவிடாதீர்கள். புதுச்சேரி வேலு சரவணனின் ‘கடல் பூதம்’ நாடகத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பயமுறுத்தும் ஒன்றைப் பார்த்துச் சிரிக்க முடிந்தால் பிள்ளைக்குத் தைரியம் வந்துவிடுகிறது. கதையின் இன்பம் முதலில், கேள்வி அதன் மடியில்.

நாம் செய்ய வேண்டியவை

மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு: வாரத்தில் ஒரு மணி நேரத்தைத் தேர்வுக்கும் மதிப்பெண்ணுக்கும் வெளியே ஒதுக்குங்கள். உரக்க வாசியுங்கள், படத்தைக் காட்டுங்கள், ஐந்து கேள்விகளைக் கேளுங்கள், பிறகு அமைதியாக இருங்கள். முதல் வாரம் யாரும் பேசமாட்டார்கள். பொறுத்திருங்கள்.

பெற்றோருக்கு: உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் படம் பார்க்கத் தெரியும், கதை சொல்லத் தெரியும். வலை பின்னிய கதை, மில் மூடிய கதை, நைட் ஷிப்டு முடிந்து நடந்து வந்த கதையெல்லாம் உங்களிடம் இருக்கின்றன. பிள்ளை புத்தகத்தைக் கொண்டுவந்தால் படத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள். அது கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் “சேர்ந்து கண்டுபிடிப்போம்” என்று சொல்லுங்கள்.

நூலகர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள்தான் பெரியது. இந்தச் சென்னையில்தான் எஸ். ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். 1931-இல் சென்னை நூலகச் சங்கம் அதை வெளியிட்டது. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனது. விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரியில் இந்தச் சுவரும் அலமாரியும் நிற்கின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று ரங்கநாதன் வகுத்தார். எண்ணூர்ப் பிள்ளைக்கான நூலை இன்னும் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. அதைப் பிள்ளைகளே எழுதி வரையட்டும். வகுப்பில் எட்டுத் தாளை மடித்துத் தைத்து அவர்கள் செய்யும் புத்தகங்களைப் போட்டிக்குப் பிறகு மூட்டை கட்டிப் பரணில் போடாதீர்கள். பதிவேட்டில் ஏற்றுங்கள். பகுப்பு எண் கொடுங்கள். எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் அட்டவணையில் சேருங்கள். மற்றப் புத்தகங்களோடு அதே அலமாரியில் வையுங்கள். இன்னொரு பிள்ளை அதை எடுத்துப் போகட்டும், படித்துவிட்டு, “இதில் எனக்கு இது பிடிக்கவில்லை, இதில் எங்கள் தெரு இல்லை” என்று சொல்லட்டும். சொன்ன பிள்ளை அடுத்த புத்தகத்தை எழுதும்.

அப்படி ஓர் அலமாரிக்கு இடம் கேட்க இந்த நூலகத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலருகே மேசையில் வைக்கிறேன். படித்துப் பாருங்கள். அதிலும் எது பிடிக்கவில்லை, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டு, உங்களுக்குச் சரி என்று பட்டால் கையெழுத்திடுங்கள்.